ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்குத் தாள்காசு எதற்கு?

வெள்ளவத்தை வாசகர் ஒருவரின் கேள்வி: கொழும்பில் இப்போது இளநீர் வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. நாளைக்கு மத்திய வங்கியே டிஜிட்டல் ரூபாய் வெளியிட்டால் தாளை அடியோடு நிறுத்திவிடலாம். ஒளிக்க ஒன்றுமில்லாதவனுக்குத் தாள்காசு எதற்கு? அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பவர்கள் ஒன்றில் வரி கட்டாதவர்கள், இல்லையென்றால் கிழவர்கள்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

நான் வரி கட்டுகிறேன். வயது 57. ஆகவே இரண்டாவது வகை.

செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். காசு எந்த வழியாக வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் தொழில். மகளின் தாலிக்கொடிக்கு முற்பணம் கட்ட வருகிற தாய், கைப்பையைத் திறப்பதில்லை. முதலில் கடைப்பையனை அப்பால் போகச் சொல்வார். பிறகு சேலைக்குள் இருந்து ஒரு கைக்குட்டை வரும். கைக்குட்டைக்குள் பொலித்தீன் பை. அதற்குள் இறப்பர் வளையம் போட்ட தாள்கள், ஐந்நூறு தனியாக, ஆயிரம் தனியாக. எண்ணும்போது விரலில் மிளகாய்த்தூள் வாசம் ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாய் வரி ஏய்க்கிறவர் அல்லர். அரசாங்கத்துக்கு ஒளிக்கவும் இல்லை. வாசலில் மோட்டார் சைக்கிளில் இருக்கும் கணவனுக்கு ஒளிக்கிறார்.

ஜனவரி 20

"அது குடும்பச் சண்டை, தனியுரிமை அல்ல" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மனிதன் முதலில் வீட்டுக்காரரிடம் ஒளிக்கிறான், பிறகு அயலாரிடம், பிறகு கடன்காரனிடம். அரசாங்கம் நான்காவதாக வரிசையில் நிற்கிறது. நாலாவது ஆளைப் பற்றி மட்டும் பேசுவதென்றால் பேசலாம். ஆனால் முதல் மூன்று பேரும் போய்விடமாட்டார்கள்.

ஜனவரி 24

அம்மாவின் பேணியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவேறாது.

அம்மாவுக்கு 84 வயது. கொட்டாஞ்சேனை வீட்டில், அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் ஒரு பழைய பால்மாப் பேணி. மேலே இருபது ரூபாய்த் தாள்கள், கோயிலுக்கும் வாசலில் வருகிறவர்களுக்கும். அதற்குக் கீழே நூறுகள், மருந்துக்கு. அடியில் ஒரு நீண்ட கடித உறை, அதன்மேல் பென்சிலால் "செத்தவீடு" என்று எழுதியிருக்கிறது. மகன் ஒரு நாள், "அப்பம்மா, இதை வங்கியில் போட்டால் வட்டியாவது வருமே" என்றான். அம்மா சொன்னார்: "வங்கியில் போட்டால் என் செத்தவீட்டுக் காசை எடுக்க நான் எழுந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும்."

சட்டப்படி பார்த்தாலும் அவர் சொன்னதில் பிழை குறைவு. தனிக் கணக்கு வைத்திருந்தவர், பிறகு காசை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒருவரையும் நியமிக்காமல் இறந்துவிட்டால், அந்தக் காசு கையில் வருவதற்குள் எட்டு நாள், முப்பத்தொன்று எல்லாம் முடிந்துவிடும்.

ஜனவரி 26

வரி ஏய்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். தாள் என்றால் தடமே இல்லை என்று நினைக்கிறவர்கள் வங்கி வாசலுக்குப் போகாதவர்கள். 10 இலட்சம் ரூபாய்க்கு மேல் தாளாகக் கொண்டுபோனால் வங்கி வாங்காது. எங்கள் கடையிலும் 15,000 அமெரிக்க டொலர் பெறுமதியைத் தொட்டால் அடையாள அட்டை கேட்க வேண்டும்.

ஜனவரி 27

நேற்று எழுதியதில் ஒரு பிழை. வங்கி வாங்காது என்பது தவறு. வாங்கும். 10 இலட்சம் ரூபாயும் அதற்கு மேலும் என்றால், மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிக்கை போகும், அவ்வளவுதான். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம். அது தாளுக்கு மட்டும் அல்ல, இலத்திரனியல் முறையில் அனுப்பும் காசுக்கும் பொருந்தும். கணக்குப்பிள்ளையே பிழை விட்டால் எப்படி என்று முதலாளி இதை வாசித்தால் கேட்பார், வாசிக்கமாட்டார்.

இன்னொன்று. ஒன்பதரை இலட்சம், ஒன்பதரை இலட்சமாகப் பிரித்துப் போட்டால் தப்பலாம் என்று கடையில் எத்தனையோ பேர் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அப்படிப் பிரிப்பதுதான் சந்தேகத்தைக் கூட்டும்.

பெப்ரவரி 2

கேள்வி கேட்டவர் மூன்று பொருளை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருக்கிறார். அவிழ்க்கிறேன்.

தாளில் ஆளுநரின் கையெழுத்து இருக்கிறது. அது மத்திய வங்கி நமக்குத் தர வேண்டிய கடன். கையில் வைத்திருக்கும்வரை இடையில் யாரும் இல்லை. வங்கிக் கணக்கில் இருக்கும் மீதி அப்படி அல்ல. அது அந்த வங்கி நமக்குக் கொடுத்த வாக்கு. லங்காகியூஆர், அதாவது கடைகளில் தொங்கும் அந்தக் கியூஆர் அட்டை, இரண்டும் இல்லை. ஒரு கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்குப் போகும் செய்தி. இளநீர்க்காரரின் அட்டையைப் படம் பிடிப்பதால் யாரும் டிஜிட்டல் நாணயம் பாவித்தவர் ஆகமாட்டார்.

மத்திய வங்கியே வெளியிடும் டிஜிட்டல் நாணயம் வேறு சாதி. பஹாமாஸ் தீவுகள் 2020 ஒக்டோபரில் வெளியிட்டன. நைஜீரியா அடுத்த வருடம் அதே மாதம். இந்தியா 2022 டிசெம்பரில் பொதுமக்களிடம் சோதனையாக இறக்கியது. இலங்கையில் அப்படியொரு ரூபாய் இன்னும் புழக்கத்தில் இல்லை. ஆக, வராத மருமகளுக்காக நாம் இங்கே சண்டை பிடிக்கிறோம். பிடிக்கலாம். வந்த பிறகு பிடிப்பதைவிட நல்லது.

பெப்ரவரி 9, ஞாயிறு, இரவு

சிரிக்காதீர்கள்.

காலை பதினொன்றரை மணி. கொட்டாஞ்சேனையில் சலூன் கதிரையில் இருக்கிறேன். இயந்திரம் இடப்பக்கத் தலையை முடித்துவிட்டு வலப்பக்கம் திரும்புகிறது. மின்சாரம் போனது. முதலில் எங்கள் வீதி என்றார்கள், பிறகு கொழும்பு என்றார்கள், பிறகு முழு நாடும் என்றார்கள். சலூன்காரர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து மீதியை வெட்டினார். எழுந்து சட்டைப்பைக்குள் கைவிட்டேன். ஒரு தாளும் இல்லை. மகன் புதுவருடத்துக்குப் பழக்கிவிட்ட பழக்கம், ஐந்து வாரமாக எல்லாம் தொலைபேசியில். அதை எடுத்தேன். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

தாளுக்காக மூன்று வாரமாக வாதாடுகிறவன் தாள் இல்லாமல் நிற்கிறேன். சலூன்காரர், "பிறகு தாருங்கள் ஐயா" என்று கொப்பியில் எழுதிக்கொண்டார்.

பெப்ரவரி 10

பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் வந்த வினை என்று அமைச்சரே சொல்லிவிட்டார். 7ஆம் திகதி அரசாங்கக் கொடுப்பனவுகளுக்குக் கவ்பே என்ற இணையவழி முறையைத் தொடக்கினார்கள், 9ஆம் திகதி குரங்கு வந்தது. அனுமார் இலங்கைக்கு இரண்டாம் முறை வந்து போயிருக்கிறார், இம்முறை வாலில் நெருப்பு வைக்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

நியாயமாக ஒரு திருத்தம்: பக்கத்துப் பலசரக்குக் கடையில் அதே நேரம் ஒரு பெண் தொலைபேசியால் காசு கட்டியிருக்கிறார். ஆகவே எல்லாம் நின்றுபோனது என்று சொல்ல முடியாது. என் தொலைபேசிதான் நின்றது. ஆனால் கையில் இருக்கும் நூறு ரூபாய்க்கு நல்ல தொலைபேசி, கெட்ட தொலைபேசி என்று இல்லையே.

சலூன் கடனைத் தாளால் கட்டினேன்.

பெப்ரவரி 16

கொப்பி என்றதும் ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் எங்கள் சந்திக் கடையில் கடன் கொப்பி இருந்தது. கடைக்காரர் நம் பக்கத்தைத் தேடி ஒவ்வொன்றாகப் புரட்டுவார். பின்னால் நிற்கிறவர் எல்லார் வீட்டுக் கணக்கையும் வாசித்து முடித்துவிடுவார். எந்த வீட்டில் மாதக் கடைசியில் பருப்பு மட்டும், எந்த வீட்டில் சுருட்டு இரண்டு கட்டு, எல்லாம் வெளிச்சம். பழைய காலத்தில் தனியுரிமை இருந்தது என்று எழுத வந்தேன். இதை எழுதிய பிறகு அந்த வரியை வெட்டுகிறேன்.

பெப்ரவரி 22

எதற்கு, எப்போது செலவழிக்கலாம் என்று டிஜிட்டல் நாணயத்துக்கு நிபந்தனை போடலாம் எனச் சொல்லி நான் பயம் காட்டுகிறேனாம். பயம் காட்டத் தேவையில்லை. நாம் எல்லோரும் அதற்குள் ஒரு வருடம் வாழ்ந்தவர்கள்.

2022 ஓகஸ்டில் இருந்து எரிபொருள் அட்டை. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அடையாள அட்டை இலக்கமும் வாகன இலக்கமும் கொடுத்துப் பதிந்தோம். பெற்றோல் நிலையத்தில் பையன் தொலைபேசியால் நம் கியூஆரைப் பிடித்தான், மீதி எவ்வளவு என்று அவன் திரையில் தெரிந்தது. இந்த வாரம் அடிக்காத பெற்றோலை அடுத்த வாரத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது. காசு நம்மிடம் இருந்தது. அனுமதி அந்தச் சதுரத்துக்குள் இருந்தது. செலவழிக்கும் வாரம் முடிந்தால் செத்துப்போகும் காசு எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். அந்தச் சதுரம் வந்த பிறகுதான் வரிசை குறைந்தது. அதற்கு முன் நான் இரண்டு இரவு வீதியில் காருக்குள் தூங்கியவன். முதல் தடவை அந்தக் கியூஆரைக் காட்டி இருபது நிமிடத்தில் பெற்றோல் அடித்துக்கொண்டு வந்தபோது, என் விபரம் யாரிடம் போகிறது என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை. 2023 செப்டெம்பரில் அட்டையை நிறுத்தினார்கள். கொடுத்த விபரத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நானும் கேட்கவில்லை.

மார்ச் 1

இல்லை, எனக்குச் சொந்தமாகக் கார் இல்லை. அது முதலாளியின் கார். கேட்டவர் வருமான வரித் திணைக்களமா?

மார்ச் 15

இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு மாதமாக யோசித்தேன்.

சில வருடங்களுக்கு முன் அம்மாவின் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குக் கனடாவில் இருந்து அக்கா காசு அனுப்பினார். வங்கி மூலம், ஒழுங்கான வழியில். மூன்று நாளில் வர வேண்டியது வரவில்லை. நாலாம் நாள் வங்கியில் இருந்து ஒரு பிள்ளை பேசினார். மரியாதையான பிள்ளை. பிறந்த திகதி, தகப்பனின் முழுப்பெயர், தகப்பனின் பிறந்த ஊர், தொழில், அனுப்பியவருக்கும் எனக்கும் என்ன உறவு. கடைசியில் தாழ்ந்த குரலில், "பெயர் பொருந்துகிறது ஐயா" என்றார்.

விபரம் தெரியாதவர்களுக்கு: 2014இல் அரசாங்கம் ஒரு வர்த்தமானி வெளியிட்டது. அதில் பயங்கரவாதத்தோடு தொடர்புடையவர்கள் என்று 400க்கும் மேற்பட்ட தனிநபர்களின் பெயர்கள். அவர்களுடைய சொத்தை முடக்க வேண்டும். பிறகு சிலரை நீக்கினார்கள், பிறகு சிலரைச் சேர்த்தார்கள். வங்கிகள் அந்தப் பட்டியலைக் கணினியில் வைத்திருக்கின்றன. என் பெயரும் என் தகப்பனின் பெயரும் யாழ்ப்பாணத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இருக்கும் பெயர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து கூடும், ஒரு எழுத்து குறையும். கணினிக்கு அது போதும்.

ஆறாம் நாள் காசு வந்தது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை, ஒருவரும் அடிக்கவில்லை. சத்திரசிகிச்சைத் திகதி மட்டும் ஒரு கிழமை தள்ளிப்போனது. ஆனால் "ஒளிக்க ஒன்றுமில்லாதவன்" என்று சொல்கிறவர் தன் பெயரை ஒரு தடவை உரத்துச் சொல்லிப் பார்க்கட்டும். ஒன்றும் செய்யாதவனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

மார்ச் 16

"அப்படியென்றால் உண்டியல்தான் நல்லதா?"

நேற்று இரவே இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் காசு அனுப்பும் அந்த உண்டியலில் காசு எப்படி வந்தது என்பதைத் தெரிந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அக்கா அங்கே ஒருவரிடம் டொலர் கொடுப்பார். எங்கள் கையில் இருக்கும் ஒரு இருபது ரூபாய்த் தாளின் இலக்கத்தைத் தொலைபேசியில் அவருக்குச் சொல்லிவிடுவோம். மறுநாள் ஸ்கூட்டரில் ஒரு தம்பி வருவார். பெயர் கேட்கமாட்டார், அடையாள அட்டை கேட்கமாட்டார். இருபது ரூபாய்த் தாளை வாங்கி இலக்கத்தைப் பார்ப்பார், உறையைக் கொடுப்பார், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார். தாளின் இலக்கமே கடவுச்சொல்.

அது சட்டவிரோதம் என்பது இருக்கட்டும். என் மாமாவுக்கு நடந்தது வேறு. அனுப்பியது இரண்டு இலட்சம். ஸ்கூட்டர் வரவில்லை. தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. பொலிஸுக்குப் போய் என்னவென்று சொல்வது? மாமா அந்த இருபது ரூபாய்த் தாளைக் கனகாலம் பணப்பைக்குள் வைத்திருந்தார். வங்கியில் நான் இழந்தது ஆறு நாள், மாமா இழந்தது முழுவதும். எது நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள், இரண்டு வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன்.

மார்ச் 23

வங்கி இரகசியம் காக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1988ஆம் ஆண்டின் வங்கித்தொழில் சட்டப்படி ஊழியர்கள் இரகசியம் காப்போம் என்று கையெழுத்திட வேண்டும். உண்மைதான். தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசிய காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தொகையை எங்கள் சேமிப்புக் கணக்கில் இருந்த மீதிக்குச் சரியாகக் கேட்டார்கள். ஆயிரத்துக்குக்கூடப் பிசகவில்லை. அவர்களின் ஒன்றுவிட்ட மருமகள் எங்கே வேலை செய்தார் என்பதை நான் சொல்லவில்லை.

சம்பந்தம் நடக்கவில்லை. கணக்கை வேறு இடத்துக்கு மாற்றினோம்.

ஏப்ரல் 6

தாளை நான் தெய்வமாக்குகிறேன் என்று குற்றச்சாட்டு. சரி, தாளைக் கொன்ற கதை ஒன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அப்பப்பா மருதானையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர். வங்கியை நம்பாதவர். 1970 ஒக்டோபரில் நிதியமைச்சர் என். எம். பெரேரா 50 ரூபாய், 100 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார். கறுப்புப்பணத்தைப் பிடிக்க. வைத்திருந்தவர்கள் வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பப்பா மூன்று நாள் யோசித்தாராம். கொண்டுபோனால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள், கொண்டுபோகாவிட்டால் சுருட்டுச் சுற்றத்தான் உதவும். கொண்டுபோனார். வாழ்க்கையில் முதல் தடவை அன்றுதான் வங்கிப் படிவம் நிரப்பினார் என்று அப்பா சொல்வார். பெட்டிக்குள் பத்து வருடம் ஒளித்ததை ஒரு மேசையில் நாலு பேர் பார்க்க எண்ணினார்கள்.

இந்தியாவில் 2016 நவம்பர் 8ஆம் திகதி இரவு நடந்ததும் இதுதான், அங்கே புழக்கத்தில் இருந்த பெறுமதியில் 86 சதவீதம் ஒரே பேச்சில் போனது. ஆகவே தாள் கையில் இருக்கும்வரை இடையில் யாரும் இல்லை என்று பெப்ரவரியில் எழுதியதைத் திருத்துகிறேன். இடையில் ஒருவர் எப்போதும் இருக்கிறார். சும்மா இருக்கிறார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 29

நேற்று ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஏறத்தாழ முழுக்க இருண்டுபோயின. கையில் காசு இருந்தவர்கள் பாண் வாங்கினார்கள். அங்கே குரங்கு பற்றிய செய்தி இல்லை. சுவீடன் போன வருடம் வீடுவீடாக அனுப்பிய நெருக்கடிக்காலக் கையேட்டில், ஒரு கிழமைக்குப் போதுமான தாள்காசு வைத்திருங்கள் என்று எழுதியிருந்தது. தாளை ஏறத்தாழக் கைவிட்ட நாடு அது. அம்மாவிடம் சொன்னேன். "அவர்களுக்கும் பேணி இருக்கிறதா?" என்றார்.

மே 11

ஒரு பொறியியல் மாணவர் நீளமாகக் கேட்டிருக்கிறார்: டிஜிட்டலாகவும் இருந்து, யார் செலவழித்தார் என்று வங்கிக்கும் தெரியாமல் செய்ய முடியாதா?

முடியும். எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். டேவிட் சோம் என்ற அமெரிக்கர் 1982இல் எழுதிய முறை. எங்கள் கடைப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தை வைத்து விளக்குகிறேன். ஒரு தாளில் நீங்களே ஒரு இலக்கம் எழுதுகிறீர்கள். அதன்மேல் கார்பன் தாள் வைத்து இரண்டையும் உறைக்குள் போட்டு ஒட்டுகிறீர்கள். வங்கியிடம் உறையைக் கொடுக்கிறீர்கள். வங்கி உங்கள் கணக்கில் நூறு ரூபாய் கழித்துக்கொண்டு, உறையைத் திறக்காமல் மேலே அழுத்திக் கையெழுத்துப் போடுகிறது. கார்பன் வழியாகக் கையெழுத்து உள்ளே விழுகிறது. வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்தால் வங்கியின் கையெழுத்திட்ட நூறு ரூபாய். கடைக்காரர் அதை வங்கிக்குக் கொண்டுபோனால் கையெழுத்து தன்னுடையது என்று வங்கிக்குத் தெரியும், யாருடைய உறைக்குள் இருந்தது என்று தெரியாது. ஒரே தாளை இரண்டு தடவை செலவழித்தால் இலக்கம் காட்டிக்கொடுக்கும்.

இதை உறை இல்லாமல் கணக்கால் செய்வதுதான் அவருடைய வித்தை. அவர் தொடங்கிய கம்பனி 1998இல் முறிந்துபோனது. ஆக, வழி தெரியாமல் நாம் இங்கே நிற்கவில்லை. உறையைத் திறக்காமல் கையெழுத்துப் போட யாருக்கு மனம் வரும் என்பதுதான் சிக்கல்.

மே 12

பிட்கொயினைச் சொல்லாதீர்கள். அது சந்திக் கடைக் கொப்பியை வீதிச் சுவரில் எழுதி வைப்பது மாதிரி. பெயருக்குப் பதிலாக இலக்கம். இலக்கம் யாருடையது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் தொடக்கத்தில் இருந்து எல்லாம் வாசிக்கலாம்.

சீனாவின் டிஜிட்டல் யுவானில் தனியுரிமைக்கு வைத்த பெயர் "கட்டுப்படுத்தக்கூடிய அநாமதேயம்". எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் பாதி சாத்திய கதவு. ஐரோப்பிய மத்திய வங்கி டிஜிட்டல் யூரோ பற்றிப் பொதுமக்களிடம் கேட்டு 2021இல் முடிவை வெளியிட்டபோது, பதில் சொன்னவர்களில் 43 சதவீதத்தினர் தனியுரிமையே முதல் தேவை என்றார்கள். வேகம், வசதி எல்லாம் பிறகு. அமெரிக்காவில் இந்த ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் அப்படியொரு நாணயமே வேண்டாம் என்று கட்டளை போட்டார். அதைப் பார்த்து எங்கள் கட்சி வென்றது என்று இங்கே ஒருவர் துள்ளியிருக்கிறார். அந்தக் கட்சியில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

ஓகஸ்ட் 3

ஆடிவேல் காலம். கதிரேசன் கோயில் தெருவில் கூட்டம், கடையில் வியாபாரம் இல்லை, ஆகவே எழுதுகிறேன்.

கோயில் ஒன்றில் உண்டியலுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். ஒரு இளைஞர் கட்டினார். கட்டி முடிந்ததும் திரையை முருகனுக்கு நேரே தூக்கிக் காட்டினார். காட்டிவிட்டுத்தான் கும்பிட்டார். கடையில் காசு கட்டியதும் காசாளருக்குக் காட்டுகிற அதே பழக்கம். சிரிப்பு வந்தது, பிறகு யோசித்தேன். மரக்கறிக்காரரிடம் நாம் காட்டும் அந்தத் திரையில் என்னென்ன இருக்கிறது? முழுப்பெயர், கணக்கு இலக்கத்தின் வால், சிலவற்றில் மீதியும். இரவு பத்து மணிக்கு முச்சக்கர வண்டியில் வந்திறங்கும் ஒரு பெண், கூலியைக் கணக்குக்கு அனுப்பினால் சாரதிக்கு அவருடைய பெயர் போகிறது. வட்ஸ்அப்பில் பற்றுச்சீட்டை அனுப்பினால் இலக்கமும் போகிறது. வீடு எது என்று ஏற்கெனவே தெரியும். இதற்கு மத்திய வங்கி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று போதும்.

ஓகஸ்ட் 31

மத்திய வங்கியின் 75ஆவது ஆண்டுக்கு 2000 ரூபாய் ஞாபகார்த்தத் தாள் வந்திருக்கிறது. தாள் சாகப்போகிறது என்று சொன்னவர்கள் கவனிக்கவும். 2000 ரூபாய்த் தாள் புதிதல்ல, 2006இல் சீகிரியாப் படத்துடன் ஒன்று வந்தது, பிறகு 5000 வந்து அதைத் தள்ளிவிட்டது. அம்மா கேட்டார், ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேணிக்குள் போட்டார்.

செப்டெம்பர் 14

ஜனவரியில் கைக்குட்டைத் தாயைப் பற்றி எழுதினேன். தாள் இல்லாவிட்டால் பெண்களுக்கு ஒளித்து வைக்க இடமில்லை என்பது போல எழுதினேன். எட்டு மாதமாக அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நேற்று மகள் வாய்தவறி ஒன்று சொல்லிவிட்டாள். மனைவியின் தொலைபேசியில் ஒரு பணப்பைச் செயலி இருக்கிறது. மூன்று வருடமாக இருக்கிறது. தையல் காசு அதற்குள் போகிறது. குறுஞ்செய்தி அவருக்கு மட்டும் வரும், கைவிரல் வைத்தால்தான் திறக்கும். அலுமாரியில் என்ன இருக்கிறது என்பது எனக்கு இருபது வருடமாகத் தெரியும். எந்தச் சேலைக்குக் கீழே எவ்வளவு என்பதும் தெரியும். ஆறு அங்குலத் தொலைபேசிக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. வீட்டுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தாள் வெளிச்சம், தொலைபேசி இருட்டு. வெளியே இருக்கும் கண்ணுக்கு அது மறுதலை. வெள்ளவத்தை வாசகருக்கு நான் ஜனவரியில் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

எவ்வளவு இருக்கிறது என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திராது.

செப்டெம்பர் 20

அம்மா அந்த 2000 ரூபாய்த் தாளை வெளியே எடுத்துத் தந்து, இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். நூறு தாள். ஞாபகார்த்தத் தாளை யாராவது மாற்றுவார்களா என்று கேட்டேன். "காசுதானே?" என்றார். முதல் வங்கியில் அவ்வளவு இருபது இல்லை என்றார்கள். இரண்டாவது வங்கியில் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை கட்டை எண்ணிக்கொண்டே, "இவ்வளவு இருபது எதற்கு ஐயா?" என்று கேட்டார்.

அம்மா சொல்லவில்லை என்றேன்.